உயர்த்தவும் திருகலாம்

மாலையில் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு அடைப்பதற்குச் சற்று முன் அங்கே போய் நின்றால், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திய கார் ஒன்றிரண்டு கண்ணில் படும். நம் வயதுக்காரர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். "பணக் கொழுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள் வாங்கி மாட்டியிருக்கிற சாமான் நல்ல சாமான்தான். அதை ஒரே பக்கமாகத் திருகுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கிய ஒன்றை, புதுச்சேரித் தெருக்களில் ஓட்டுகிறவன் கூட்டுவதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். அதையும் அளந்து செய்ய வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு சாமான்கள் வேலை செய்கின்றன. ஒன்று எடையைத் தாங்கும் ஸ்பிரிங். இன்னொன்று, அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்கும் ஷாக் அப்சார்பர். ஷாக் அப்சார்பரின் உடம்பில் திருகு வெட்டி, அதன்மேல் ஸ்பிரிங்கைத் தாங்க ஒரு வளையம் மாட்டி, அந்த வளையத்தை மேலேயும் கீழேயும் திருக வசதி செய்து விற்பதைத்தான் 'காயிலோவர்' என்கிறார்கள். வளையத்தை மேலே ஏற்றினால் வண்டி உயரும், கீழே இறக்கினால் தாழும். அது அசையாமல் இருக்க அடியில் இன்னொரு பூட்டு வளையம். திருகுவதற்குக் கொக்கி போன்ற ஒரு ஸ்பானர். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தச் சாமான்களின் பிரெஞ்சுப் பெயர்கள்தான் முதலில் பழக்கம். ஷாக் அப்சார்பருக்கு அங்கே 'அமோர்த்திசர்'. 'மோர்' என்றால் சாவு. ஆட்டத்தைச் சாகடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சியை உறிஞ்சுவது என்கிற ஆங்கிலப் பெயரைவிட இது சரியான பெயர், ஏனென்றால் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். வண்டி முன்னும் பின்னும் இடமும் வலமும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு 'அசியெத்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குச் சாப்பாட்டுத் தட்டு என்றும் பொருள். குதிரைமேல் ஒருவன் உட்காரும் வாகுக்கும் அதுவே. உடம்பு சரியில்லாதவனை 'அவன் தன் அசியெத்தில் இல்லை' என்பார்கள். வரி விதிப்பின் அடிப்படைத் தொகைக்கும் அதே சொல்தான், வரிக் கோப்புகள் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உயரத்தை மாற்றுவது என்றால் வண்டியின் அசியெத்தை மாற்றுவது. நான்கு மூலையும் சேர்ந்த விஷயம் அது. முன்னால் இரண்டு விரல் இறக்கினால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதோடு முடிகிற காரியம் இல்லை.

பிள்ளைகள் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. எடை தாழ்ந்து இருந்தால் வளைவில் ஒரு பக்கத்துச் சக்கரங்களிலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் பாரம் குறையும். பந்தயக் கார்கள் தாழ்ந்திருப்பது அதனால்தான். ஆனால் பந்தயத் தடத்தில் வேகத்தடையும் கிடையாது, மூடி இறங்கிய சாக்கடையும் கிடையாது. இன்னொன்று, நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மக்ஃபர்சன் என்கிற அமைப்பு. அதில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை ஏறக்குறைய மட்டமாக இருக்கும்படிதான் தொழிற்சாலையில் வைத்திருப்பார்கள். வண்டியை ஓர் அளவுக்கு மேல் இறக்கினால் அந்தக் கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். தாழ்த்தினால் சாயாது என்று நினைத்துச் செய்தது, சாய்க்கும் நெம்புகோலை நீட்டிவிடும். பிறகு அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்க வேண்டும், அது முதுகில் இறங்கும்.

முதுகு என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் இந்த விஷயம் என் வீட்டுக்குள் வந்தது. என் மனைவிக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். அழைத்துப் போகிறவன் என் தங்கை பேரன். நல்ல பிள்ளை, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பான். அவனிடம் ஒரு பழைய போலோ கார். காயிலோவர் மாட்டி, முன்னால் 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் ஏதோ ஒன்று 'டொக்' என்று இடிக்கும், இவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள், "அடுத்த வாரத்திலேர்ந்து நான் ஆட்டோவுலேயே போயிக்கறேம்பா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் முகம் விழுந்துபோயிற்று. "ஆயா, வண்டி சரியில்லைன்னு சொல்லுங்க, நான் வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான்.

அந்த 'டொக்' என்ன என்று நானும் அவனும் உட்கார்ந்து பார்த்தோம். வண்டியின் வயிறு தரையில் இடித்த சத்தம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பெரும்பாலும் அது இல்லை. ஷாக் அப்சார்பர் முழுக்க உள்ளே போகும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வளையத்தை இறக்கி இறக்கி, வண்டி நிற்கும்போதே அந்தக் கட்டைக்கு விரற்கடை தூரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் பின்னால் ஏறி, வண்டி ஒரு மேட்டில் ஏறினால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமே இல்லை. அப்புறம் ஸ்பிரிங் எதற்கு? வெறும் கட்டைமேல் உட்கார்ந்து போவதுதான். வளையத்தோடு சேர்த்து, சக்கரத்தைப் பிடிக்கும் அடிப்பகுதியையும் தனியே திருகக்கூடிய விலை கூடிய வகை ஒன்று உண்டு. அதில் உயரத்தை மாற்றினாலும் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஓட்டம் அப்படியே இருக்கும். இவனுடையது எளிய வகை.

வேகத்தடையையும் சும்மா விடக் கூடாது. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உள்ள ஒரு கார் அப்படிப்பட்ட மேட்டின் நடுவில் நின்றால், சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். அதனால் வயிற்றுக்குக் கீழே தேவைப்படும் இடைவெளி 45 மில்லிமீட்டர்தான். தாழ்த்திய காரும் மெதுவாகப் போனால் தாராளமாகக் கடக்கும். நம் தெருக்களில் இருப்பது அதுவா? ஒரு முழ அகலத்தில் ஜல்லியைக் கொட்டி, இரவோடிரவாக ஒரு குட்டிச் சுவர் கட்டிவிட்டுப் போகிறார்கள். சக்கரங்கள் இரு பக்கமும் தரையில் இருக்க, முழு உயரமும் வயிற்றுக்கு வந்துவிடும். இவன் காருக்கு கம்பெனி கொடுத்த இடைவெளி சுமார் 165 மில்லி, அதுவும் ஆள் ஏறாமல். 40 போனால் 125. நான்கு பேர் ஏறி அமுங்கியது ஒரு 25, 30 என்றால் மிச்சம் நூறைத் தொட்டும் தொடாமலும். போட்டவர்கள் விதியைப் பார்க்கவில்லை என்பதற்காக நாம் வண்டியை உயர்த்த வேண்டியிருக்கிறது. நியாயம் இல்லைதான். ஆனால் இடுப்பு வலி நியாயம் பார்த்து வருவதில்லை.

"ஏத்தினா வண்டி இன்னும் டைட்டா ஆயிடும் தாத்தா, ஸ்பிரிங் அமுங்கிடும் இல்ல" என்றான் பேரன். இது இந்தத் தொழிலில் இருப்பவர்களே பலர் நம்புகிற விஷயம், ஆனால் சரியில்லை. ஸ்பிரிங்மேல் இருக்கும் பாரம் வண்டியின் எடை. வளையத்தை எங்கே வைத்தாலும் அந்த எடை அதே எடைதான், ஆகவே சாதாரண ஸ்பிரிங் அதே அளவுதான் அமுங்கி நிற்கும். வளையம் ஏறினால் ஸ்பிரிங்கும் அதன் மேலிருக்கும் வண்டியும் சேர்ந்து ஏறும். கிணற்றடியில் வாளியை எந்தப் படியில் வைத்தாலும் வாளியின் கனம் மாறாது, அது போல. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஸ்பிரிங் மிக இறுகியிருக்கும் அளவுக்கு ஏற்றினால்தான் கதை வேறு.

வேலையை நாங்களே செய்தோம். எனக்குப் பிடித்தது அளக்கும் பகுதி. வீட்டு முன் சிமெண்டுத் தரை மட்டமா என்று கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் பார்த்து, வாட்டமாக இருந்த மூலையில் சக்கரத்துக்கு அடியில் தகடு வைத்தோம். நான்கு டயரிலும் காற்று சரி பார்த்தோம். டாங்கியில் பாதி பெட்ரோல். ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று. (எதற்கு என்று கேட்ட என் மனைவி, பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.) தரையிலிருந்து அளக்கக் கூடாது, டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை அளக்க வேண்டும். முன் இடது 331, முன் வலது 338. திருகின் மேல் வளையம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மாட்டிய ஒர்க்ஷாப்பில் திருகுப் பள்ளங்களை எண்ணிச் சமமாக வைத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வண்டி என்ன தராசா, இரண்டு பக்கமும் சமமாக இருக்க? பாட்டரி ஒரு பக்கம், ஓட்டுகிறவன் ஒரு பக்கம்.

இன்னொன்றும் உண்டு. நான்கு கால் முக்காலியில் (சொல்லே தப்புதான், நம் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம்) ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால், பாரம் அந்தக் காலுக்கும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் காலுக்கும் போகும். காரும் அப்படித்தான். முன் இடது மூலையை மட்டும் ஏற்றினால் பாரம் முன் இடதிலும் பின் வலதிலும் கூடும். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். அதனால் ஒரு மூலையை மட்டும் தொட்டுவிட்டு விடக் கூடாது.

நான்கு மூலையையும் 360க்கு அருகில் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் அவனைச் சக்கரத்தைக் கழற்ற விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைப்பதை என் கண் முன்னால் அனுமதிப்பதில்லை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் இணைக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். திருகில் உப்பும் மண்ணும் அப்பியிருந்தன. மண்ணெண்ணெய் தொட்டு பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே வளையத்தில் ஸ்பானர் வைத்தோம். அழுக்கோடு திருகினால் அலுமினிய வளையத்தின் புரி போய்விடும். ஒரு முழுச் சுற்றுக்கு 2 மில்லி. இடதில் பதினாலரைச் சுற்று, வலதில் பதினொன்று.

பின்பக்கம் வேறு கணக்கு. இந்த வகை கார்களில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஆகவே அது பெயருக்குத்தான் காயிலோவர். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேரே இல்லாமல் சற்று முன்னால் தள்ளி இருப்பதால், அங்கே 10 மில்லி ஏற்றினால் சக்கரத்திடம் அதைவிடக் கூடுதலாக ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்க வேண்டும்.

இறக்கி வைத்தவுடன் டேப்பை நீட்டினான். பொறு என்றேன். தூக்கி இறக்கிய கார் உடனே தன் இடத்துக்கு வராது. டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியை உயரத்திலேயே பிடித்து வைத்திருக்கும். தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பிவந்து அளக்க வேண்டும். மூன்று முறை தூக்கி இறக்கினோம். கடைசியில் முன்னால் 359, 360, பின்னால் 361, 362. கீழ்க் கையின் ரப்பர் புஷ்களை இறுக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போது மறுபடி முறுக்கினோம். இல்லாவிட்டால் ரப்பர் பழைய உயரத்துக்கே முறுக்கிக்கொண்டிருந்து சீக்கிரம் கிழியும். மறு நாள் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். இது தெரியாமல், தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டதால்தான் அவன் முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மழித்த மாதிரி இருந்தன. ஹெட்லைட் வெளிச்சத்தையும் இறக்கிவிட்டோம். எதிரே வருகிறவன் கண்ணும் கண்தானே.

உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. மேலே மேலே ஏற்றினால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் இல்லாமல் போய், ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு மேல் முனையில் தட்டும். இப்போது அவன் வண்டி கம்பெனி உயரத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துதான் இருக்கிறது. அவனுக்கும் திருப்தி. ஆயா இப்போதும் அவன் வண்டியில்தான் போகிறாள்.

இந்த விஷயத்தில் நான் பிரெஞ்சுக்காரன் பக்கம். சித்ரோயென் கம்பெனியின் தலைவர் பியேர் ழூல் புலான்ழே, கிராமத்துக்காரர்களுக்கு ஒரு கார் வேண்டும் என்று தன் பொறியாளர்களிடம் கேட்டபோது வைத்த நிபந்தனை பிரபலமானது. உழுத நிலத்தில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றும் உடையக் கூடாது. 1948இல் பாரீஸ் கண்காட்சிக்கு வந்த 'தெ ஷெவோ' அப்படிப் பிறந்தது. மிருதுவான ஸ்பிரிங், சக்கரம் மேலும் கீழும் போய்வர நிறைய இடம். 1955இல் வந்த 'தே எஸ்' இன்னும் ஒரு படி மேலே. எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் அமைப்பு, அதை வகுத்தவர் போல் மஜேஸ். எத்தனை பேர் ஏறினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். கரடுமுரடான பாதை வந்தால் ஓட்டுகிறவன் ஒரு நெம்புகோலைத் தள்ளி உயர்த்திக்கொள்ளலாம். டயர் மாற்ற வேண்டுமா, முழுக்க உயர்த்தி, ஒரு தாங்கியை வைத்து, பிறகு தாழ்த்தினால் சக்கரம் தானே அந்தரத்தில் நிற்கும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரீசுக்குப் பக்கத்தில் தெகோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர் போன நிலையிலும் அவரைத் தப்ப வைத்தது இந்தக் கார்தான். நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது அப்போது. அந்தக் காரில் உயரம் மாறியது உள்ளே இருப்பவருக்காகவும் சாலைக்காகவும். வேடிக்கை பார்ப்பவருக்காக இல்லை.

இனி சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பேரனிடம் இதை எழுதியே கொடுத்திருக்கிறேன். அடுத்த டயர் மாற்றும்போது பழைய கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிவிடலாமா என்று யோசிக்கிறான். மாட்டினால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் கோப்பு பார்த்தே வாழ்நாளைக் கழித்தவனாக ஒன்று சொல்வேன். கூடாது என்று மட்டும் எழுதிவைத்தால் அந்த வேலை நின்றுவிடாது. தகரக் கொட்டகைக்குப் போய்விடும். பிரான்சில் வண்டியில் பெரிய மாற்றம் செய்தவன் அதைக் கொண்டுபோய்க் காட்டித் தனி வண்டிக்கான ஒப்புதல் வாங்க வேண்டும். ஜெர்மனியில் இதே காயிலோவரைப் பரிசோதகர் பார்த்து, எந்த உயரத்துக்குள் வைக்கலாம் என்பதையும் கணக்கில் கொண்டு, வண்டியின் பத்திரத்தில் பதிவு செய்கிறார். நம் போக்குவரத்து அலுவலகத்திலும் அப்படி ஒரு படிவம், ஒரு கட்டணம், அளக்கத் தெரிந்த ஒரு ஆய்வாளர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? குறைந்தபட்ச இடைவெளி இத்தனை, அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கட்டத்தில் எண்ணை எழுதி முத்திரை குத்தட்டும். கூடவே, வேகத்தடை போடுகிறவர்கள் கையிலும் ஒரு டேப்பைக் கொடுக்கட்டும்.

அதுவரைக்கும், கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காற்றில் உப்பு. வளையம் ஆறு மாதம் அசையாமல் இருந்தால் திருகோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான் பேசும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும் மழை விட்ட பிறகு ஒரு தடவையும் சக்கரத்தைக் கழற்றித் திருகைக் கழுவி, துரு பிடிக்காத கிரீஸ் மெல்லியதாகத் தடவி, நான்கு மூலையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் அளவுகள் பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் இருக்கின்றன.